கரையில்லாக் குளம்

நீர்நிலைகளுக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. ஏரி, கண்மாய், ஊருணி, கேணி, சுனை, மடு, கயம், வாவி, பொய்கை என்று வகுப்பில் நான் அடுக்கும்போது மாணவர்கள் அவற்றை ஒருபொருட் பன்மொழி என்று எண்ணிக் குறித்துக்கொள்வார்கள். ஆனால் பெயர்களுக்குப் பின்னால் செயல்கள் இருக்கின்றன. உழவுக்காகத் தேக்கியது ஏரி. ஊரார் உண்பதற்கென்று காத்தது ஊருணி. மண்ணைத் தோண்டி நீர் கண்டது கேணி. மனிதர் ஆக்காமல் தானே அமைந்த நீர்நிலையைப் பொய்கை என்றனர் பழைய உரையாசிரியர்கள். சிவகங்கைச் சீமையில் பிறந்த எனக்குக் கண்மாயைத் தெரிந்த அளவு பொய்கையைத் தெரியாது. அதை நேரில் கண்டது கடல் கடந்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கான்கார்டு என்னும் சிற்றூரின் வால்டன் குளத்தில்.

இலக்கியம் படித்தவர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4 முதல் 1847 செப்டம்பர் 6 வரை அதன் அருகில் தானே கட்டிய ஓரறை வீட்டில் வாழ்ந்தார். அந்த வாழ்விலிருந்து எழுந்த 'வால்டன்' 1854இல் வெளிவந்தது. குளத்தின் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். எங்கள் பக்கத்துப் பெரிய கண்மாய்களோடு ஒப்பிட்டால் சிறியதுதான். ஆழமோ 102 அடி. அடியே இல்லாத குளம் என்று ஊரார் சொல்லிவந்த காலத்தில், நிலஅளவை அறிந்த தோரோ 1846இன் தொடக்கத்தில் உறைந்த பரப்பின்மேல் நின்று, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அந்தக் கணக்கைச் சொன்னார். பிற்கால அளவைகளும் அதை ஒத்தே இருக்கின்றன.

பனியுகத்தின் முடிவில் பின்வாங்கிய பனிப்பாறையிலிருந்து உடைந்த ஒரு பெரும் துண்டு மணலிலும் சரளையிலும் புதைந்துபோயிற்று. அது மெல்ல உருகிய இடம் பள்ளமாகி, நிலத்தடி நீர் நிறைந்து குளமாயிற்று. வரத்துக்கால் இல்லை, மடை இல்லை, கலுங்கு இல்லை. மனிதர் எழுப்பிய கரையும் இல்லை. நிலத்தடி நீர் ஏறினால் குளம் ஏறும், இறங்கினால் இறங்கும்.

பாஸ்டன் பக்கம் குடியேறிப் பல ஆண்டுகளாகிவிட்ட என் தம்பி, அக்டோபர் மாதத்தின் ஒரு வேலைநாளில் காரின் கூரையில் தன் கனூவைக் கட்டிக்கொண்டு என்னை அங்கே அழைத்துப்போனான். கனூ மேற்புறம் திறந்த நீண்ட படகு. ஒற்றை அலகுத் துடுப்பால் மாறி மாறி வலிக்க வேண்டும். கயாக்கில் இடுப்புவரை உள்ளே நுழைந்து அமர்ந்து, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பை இரு பக்கமும் சுழற்றுகிறார்கள். இரண்டும் அந்தக் கண்டத்தின் தொல்குடிகள் தந்தவை. கனூவைப் பிர்ச் மரப்பட்டையால் கட்டினார்கள். வடதுருவத்து இன்யூட் மக்கள் கடல்நாய்த் தோலைப் போர்த்திக் கயாக்கைச் செய்தார்கள். தம்பியின் கனூ பிளாஸ்டிக். செப்டம்பர் நடுவிலிருந்து மே நடுவரை இந்தப் படகுகளில் மிதவைச் சட்டை அணிவது அந்த மாநிலத்தில் சட்டம். புடவைக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு முன்பலகையில் அமர்ந்தேன்.

"அக்கா, எந்திரிக்க மட்டும் செய்யாத. மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றான் பின்னாலிருந்து.

கரையோரம் மணல் தெரிந்தது. சில துடுப்பு வீச்சுகளில் பச்சை, பிறகு நீலம், பிறகு ஒன்றும் தெரியவில்லை. மேப்பிள் மரங்கள் சிவந்திருந்தன. மேற்குப் புறத்தில் பாஸ்டன் ரயில் ஒன்று தடதடத்துப் போயிற்று. தோரோ குடியேறியபோதே, 1844 முதல், அந்தத் தண்டவாளம் அங்கே இருந்தது. அவருடைய காடு ஊரைவிட்டு விலகிய காடு அன்று.

நடுக்குளத்தில் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு தம்பி கேட்டான்: "அந்த ரெண்டு ஏக்கரை வித்துருவோமாக்கா? தண்ணி வராத கம்மாய்க்குக் கீழ கெடந்து என்ன செய்யப்போகுது?"

அம்மா போனபின் அவன் அதைக் கேட்பான் என்று எதிர்பார்த்தே இருந்தேன். ஆனால் 102 அடி நீருக்கு மேல் அமர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. "நடந்துக்கிட்டே பேசுவோம்" என்றேன்.

குளத்தைச் சுற்றி ஒன்றே முக்கால் மைல் அளவுக்கு ஒரு நடைபாதை உண்டு. அதன் இருபுறமும் கம்பிவேலி. ஆண்டுதோறும் வருகிற லட்சக்கணக்கானோரின் காலடியில் சரிவு மண் கரைந்துவிடக் கூடாதென்று கட்டியது. நாய்க்கு அனுமதியில்லை, எரிபொருள் படகுக்கு அனுமதியில்லை, வண்டி நிறுத்துமிடம் நிறைந்தால் அன்றைக்கு வாயில் மூடப்படும். வீடு இருந்த இடத்தில் பார்வையாளர்கள் வைத்துச்சென்ற கற்கள் குவிந்திருக்கின்றன. 1872இல் தொடங்கிய வழக்கம் அது. அந்தக் குவியலருகே நின்றபோது எனக்கு ஒன்று விளங்கியது. பொய்கையின் மேல் அன்பு வைப்பதென்றால் கையை விலக்கிக்கொள்வது. தொடாமல் இருக்கத் தெரிந்தவர்களால் அது பிழைத்துக்கிடக்கிறது.

கண்மாய் நேர்மாறானது. கை விலகினால் அது செத்துவிடும். கோடையில் உள்வாயில் கரம்பை அள்ளி வயலுக்கு அடிக்க வேண்டும், கரையில் மண் போட வேண்டும், மடையைத் திறந்து அடைக்க ஒருவர் வேண்டும், வரத்துக்காலில் முளைத்த சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும். குடிமராமத்து என்ற சொல்லுக்குள் இவை அத்தனையும் அடக்கம். எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வராமற் போனதை மழையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. கைகள் மதுரைக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் பாஸ்டனுக்கும் போய்விட்டன. என் கையும் அதில் ஒன்று. சுண்ணக்கட்டி பிடிக்கப் போனது.

அப்படியென்றால் இந்தக் குளத்துக்கும் நமக்கும் ஒட்டே இல்லையா என்று தம்பி கேட்டான். உண்டு என்றேன். 1846-47 குளிர்காலத்தில் ஃபிரடெரிக் டியூடர் என்ற பாஸ்டன் வணிகரின் ஆட்கள் வால்டனின் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்தார்கள். நியூ இங்கிலாந்துப் பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு விற்றவர் அவர். அதைச் சேமிக்கச் சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். கீதையை ஆங்கிலத்தில் படித்துத் திளைத்திருந்த தோரோ, சென்னை, மும்பை, கல்கத்தா மக்கள் தன் குளத்து நீரைப் பருகுவதாக எண்ணி மகிழ்ந்து எழுதினார். ஒரு நீர் வணிகத்தின் நடுவே நின்று அவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

தம்பி சிறிது தூரம் பேசாமல் நடந்தான். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஆயக்கட்டுக்காரர்கள் கூடி இந்தக் கோடையில் வரத்துக்காலைத் தூர்வாரப் போகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பங்கு போட்டிருக்கிறார்கள். விற்றுவிட்டால் நம் பங்கு எவர் தலையிலோ விழும், வாங்குகிறவர் வீட்டுமனை போட்டால் அந்தப் பங்கே இல்லாமற்போகும். விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் ஒருமுறை வந்து பார்த்தபின் முடிவு செய்வோம் என்றேன்.

அவன் உடன்படவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கனூவைக் கூரையில் ஏற்றிக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது, "வரத்துக்கால் எவ்வளவு தூரம்க்கா இருக்கும்?" என்று மட்டும் கேட்டான்.