உலகின் நடுவிலே

தென் அமெரிக்காவிலுள்ள ஈக்வடார், பூமத்திய ரேகையையே தன் பெயராகக் கொண்ட நாடு. அதன் தலைநகர் கீட்டோவில் என்னை உபசரித்த குடும்பத்தினர், நகருக்கு வடக்கேயுள்ள ‘உலகின் நடு’ என்னும் நினைவுச் சின்னத்துக்கு அழைத்துச் சென்றனர். 30 மீட்டர் உயரக் கோபுரம். உச்சியில் உலக உருண்டை. உள்ளே அந்நாட்டுப் பழங்குடியினரின் வாழ்வைக் காட்டும் அருங்காட்சியகம். வெளியே தரையில் தீட்டிய மஞ்சள் கோட்டின் இருபுறமும் காலூன்றி வீட்டுப் பிள்ளைகள் களித்தனர்.

“பாத்ரே, மெய்யான ரேகை இதுவன்று, இன்னும் 240 மீட்டர் வடக்கே உள்ளது” என்றார் குடும்பத் தலைவர். செயற்கைக்கோள் அளவையால் தெரியவந்த உண்மை அது. தம் நாட்டின் பெருமைச் சின்னத்தைப் பற்றி அதனை ஒளிக்காமல் உரைத்தார்.

1736-இல் பிரெஞ்சு அறிவியற் கழகத்தார் அங்கே சென்று, மலைகளில் பல்லாண்டுகள் அலைந்து அளந்தனர். பூமி துருவங்களில் தட்டையானது என்னும் நியூட்டன் கருத்து உறுதிப்பட அவ்வுழைப்பு உதவிற்று.

அதே கழகத்தின் லெ ழாந்தீல் நம் புதுச்சேரிக்கும் வந்தவர். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதை 1761-இல் போரினால் இங்கிருந்து காண இயலாமல், எட்டாண்டுகள் காத்திருந்தார். 1769-இல் மேகம் மறைத்துவிட்டது.

ஒரு சாரார்க்கு விடை கிடைத்தது, மற்றவர்க்குக் கிடைக்கவில்லை. உண்மையைத் தேடிய உழைப்போ இருவர்க்கும் ஒன்றே. நெல்லித்தோப்புப் பெற்றோரே, தேர்வில் தோற்றுக் கலங்கும் பிள்ளைகளுக்கு இதனைச் சொல்லுங்கள்.