காட்பாடி டு ஆம்பூர்... வழியில ஒரு 'தமாஷா'!

காட்பாடியில ரயில் ஏறினா குடியாத்தம், மேல்பட்டி, பச்சகுப்பம்... அப்புறம் ஆம்பூர். போர்டைப் பார்க்கவே வேணாம், தோல் வாசனையே 'இறங்குடா'ன்னு சொல்லிடும். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ரயில்ல எனக்கும் ரூம்மேட்டுக்கும் ஒரே சண்டைதான்... 'தமாஷா'!

2015-ல வந்த இம்தியாஸ் அலி படம். ரன்பீர், தீபிகா, ரஹ்மான் இசை. "கார்சிகா தீவு வரைக்கும் ஓகே மச்சி. அப்புறம் ஹீரோ ஏன்டா லூசு மாதிரி பண்றான்?" இது அவன் கட்சி. அவனுக்கு வீட்டு மொழியே உருது, டயலாக் முழுசாப் புரியும். படம் பிடிக்கல. சப்-டைட்டில் பார்த்த எனக்குப் பிடிச்சிருச்சு!

கதைன்னா உயிரா இருந்த பையன், இன்ஜினீயரிங் படிச்சு, டை கட்டி, தினமும் ஒரே மாதிரி வாழுறான். 'என் கதையோட மீதி என்ன?'ன்னு கதை சொல்ற தாத்தாகிட்ட கேட்கப் போறான். 'உன் கதையை என்கிட்ட வந்து கேட்குறியா?'ன்னு அவர் எகிறுவார் பாருங்க... அங்கதான் நான் அழுதேன்.

எங்கப்பா ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன். தோல்ல தழும்பு இருக்குற இடத்தை ஒதுக்கிட்டு வெட்டணும். அந்தக் கண்ணுகிட்ட எதை மறைக்க? போன வாரம் ஸ்டேஷன்ல இறங்கினதும் கேட்டுட்டார், "இன்டர்வியூ என்னாச்சு?"

"போகலப்பா. எழுதப் போறேன்."

வண்டியை ஸ்டார்ட் பண்ணினவர், பிரியாணிக் கடை வர்ற வரைக்கும் பேசவே இல்ல.

"மொதல்ல சாப்பிடு. அப்புறம் சொல்லு."