சம்பள நாளில் பள்ளிக்கூடம் வைக்காதீர்கள்

அரசியல் கூட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் காலத்து வீடுகளில் எழுதாத சட்டம். கூட்டம் என்றால் ஆண்கள், பீடிப் புகை, டீ கிளாஸ், முடிய ராத்திரி பத்து மணி. அதனால் போன வருஷம் என் மகள் வந்து, "அப்பா, சனி ஞாயிறு ரெண்டு நாள் ஒரு கோடைப் பள்ளி நடக்குது. பசுமை அரசியல், வேலைவாய்ப்பு ரெண்டையும் பத்திப் பேசறாங்களாம். குடும்பத்தோட வரச் சொல்லியிருக்காங்க, நீங்களும் வாங்கப்பா" என்றபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேத்தி அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

ஊத்துக்குளிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. தகரக் கொட்டகையில் பெரியவர்களுக்குப் பெஞ்சு. தள்ளி, மர நிழலில் பிள்ளைகளுக்குப் பாய், கலர் பென்சில், விளையாட ஒரு தண்ணீர்த் தொட்டி. ஏற்பாடு செய்தவர்கள் எல்லாரும் இளவட்டம்: கல்லூரி ஆசிரியர்கள், ஒன்றிரண்டு வக்கீல்கள், பல்லடம் உடுமலைப் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கும் பையன்கள். அக்கினி நட்சத்திரத்தில் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்து அரசியல் பேசலாம் என்று நினைத்த துணிச்சலுக்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதியவன். பட்டறைகள் மூடிய காலத்தைப் பற்றிச் சொல்ல, ஞாபகம் மங்காத ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். மகள் என்னைக் கைகாட்டிவிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு வெள்ளைச் சட்டைமேல் பெரிய மோகம். கணக்குப்பிள்ளைக்கு அதுதான் மரியாதை என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். விஞ்ச் என்கிற சாயம் ஏற்றும் இயந்திரம் ஓடுகிற கொட்டகைக்குள் ஒரு தரம் போய் வந்தால் முதுகில் நீலம், கையில் மெரூன். அன்றைக்குப் பட்டறையில் எந்த ஆர்டர் ஓடியது என்று என் வீட்டுக்காரி துவைக்கிற கல்லில் நின்றே சொல்லிவிடுவாள். ஊரும் அப்படித்தான் இருந்தது. வெளிநாட்டில் அந்த வருஷம் எந்தக் கலர் போகிறது என்பதை நொய்யல் பாலத்தில் நின்று பார்த்தால் தெரியும் என்று டீக்கடையில் கேலி பேசுவோம்.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். கிலோக் கணக்கில் இல்லை, மூட்டைக் கணக்கில். துணியை அலசி முடித்ததும் அவ்வளவு உப்பும் தண்ணீரோடு வெளியே போகும். தண்ணீரில் இருக்கும் நிறத்தை எடுத்துவிடலாம். கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரும்பாடு. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் நொய்யல், அந்த உப்பைச் சுமந்துகொண்டு கீழ்ப்பாசன வயல்களுக்குப் போனது. ஒரத்துப்பாளையம் அணையை 1992இல் பாசனத்துக்காகத் திறந்தார்கள். கொஞ்ச வருஷத்திலேயே, தயவுசெய்து இந்தத் தண்ணீரை எங்கள் பக்கம் விடாதீர்கள் என்று விவசாயிகளே கேட்க வேண்டி வந்தது. தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன விவசாயியை வேறு எங்கேயும் நான் கேள்விப்பட்டதில்லை.

அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம், 2009இல் உச்ச நீதிமன்றம் என்று தீர்ப்புகள் வந்தன. கழிவு ஆற்றில் கலக்கவே கூடாது என்பது சாரம். அது நடக்காமல் போகவே, 2011 ஜனவரி கடைசியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேலே பட்டறைகள். தீர்ப்பு நியாயமானது, அதில் எனக்கு அன்றைக்கும் சந்தேகமில்லை. என் சட்டையே சாட்சி.

ஆனால் திருப்பூரில் வாரக் கூலி. சனிக்கிழமை சாயங்காலம் கவரில் பெயர் எழுதி, நோட்டை எண்ணிப் போட்டு, வரிசையாகக் கொடுப்பது என் வேலை. மூடிய பிறகு வந்த சனிக்கிழமைகளிலும் சிலர் பழக்க தோஷத்தில் கேட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். தேனி, திண்டுக்கல், மதுரைப் பக்கத்து ஆட்கள். பாதிப் பேர் காண்ட்ராக்டர் கூட்டி வந்தவர்கள், எங்கள் ரெஜிஸ்டரில் அவர்கள் பெயரே இல்லை. விவசாயிக்கு நஷ்ட ஈடு என்ற பேச்சு இருந்தது. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. விஞ்ச் ஓட்டியவன் பெயரோ எந்தத் தாளிலும் இல்லை. எதிரே இருந்த மளிகைக் கடைக்காரர் மட்டும் பற்று நோட்டை மூடாமல் வைத்திருந்தார். இத்தனைக்கும் அவருடைய பூர்வீகக் கிணறும் அந்த ஆற்றோரத்தில்தான் உப்பாகிக் கிடந்தது. ஏனுங்க இப்படி என்று கேட்டதற்கு, "கெணத்தைக் கெடுத்தது இவிங்களாங்க?" என்றார்.

கோடைப் பள்ளியில் இதைச் சொன்னேன். கேட்டவர்கள் குறிப்பெடுத்தார்கள். பிறகு அவர்கள் சொன்னதை நான் கேட்டேன். இந்த வயதில் புதிதாக ஒன்றைக் கேட்டுக்கொண்டு உட்காருவது தனி சுகம்.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தில், 1971இல், ஆற்றோரத்துப் புதர்க்காடு ஒன்றை அழித்து வீடு கட்டப் பார்த்தார்களாம். பதின்மூன்று இல்லத்தரசிகள் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் கட்டடத் தொழிலாளர் சங்கத்திடம் போயிருக்கிறார்கள். ஜாக் மண்டே என்பவர் அதன் செயலாளர். எந்தக் கட்டடம் கட்டுகிறோம் என்பதில் எங்களுக்கும் பேச்சு உண்டு என்று சொல்லி, சங்கம் அங்கே வேலை செய்ய மறுத்தது. காடு நின்றது. கூலி வாங்குகிறவனே கூலியை விட்டுக்கொடுத்து மரத்தைக் காப்பாற்றினான்.

இங்கிலாந்தில் லூகாஸ் ஏரோஸ்பேஸ் என்ற விமான உதிரிபாகக் கம்பெனி. ஆட்குறைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், அங்கே வேலை பார்த்தவர்களே 1976இல் ஒரு திட்டம் எழுதினார்கள். ஆயுதத்துக்கான பாகங்களுக்குப் பதிலாக எங்கள் கைத்திறமையில் இன்னின்ன செய்யலாம் என்று ஏறக்குறைய 150 பொருள்களின் பட்டியல். சிறுநீரக இயந்திரம், ரோட்டிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி, வெளிக்காற்றின் சூட்டை இழுத்து வீட்டைக் கதகதப்பாக்கும் ஹீட் பம்ப் எல்லாம் அதில் உண்டு. நிர்வாகம் ஏற்கவில்லை. திட்டம் எழுத முன்னின்ற மைக் கூலி என்ற பொறியாளருக்குப் பிறகு வேலையும் போயிற்று. இந்த இடத்தில் ஒரு பையன் கைதட்டினான், எதற்கு என்று தெரியவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன் என்று ஒரு ஆசிரியை ஜே.சி.குமரப்பாவை எடுத்தார். தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், ஆகவே எனக்குத் தொழில் முறையில் பங்காளி. காந்தி 1934இல் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளர். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்று சிறையில் இருந்தபோது எழுதினார். கடைசிக் காலத்தை மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டியில் கழித்தார். மண்ணையும் கூலியையும் ஒரே பேரேட்டில் எழுதியவர் என்று சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளையாக நாற்காலி தேய்த்த எனக்கு ஒருவரும் அவரைச் சொல்லித் தரவில்லை.

இத்தனையும் சனிக்கிழமை நடந்தது. ஒரு குறை இருந்தது. வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசின அந்தக் கொட்டகையில் பனியன் கம்பெனி ஆள் ஒருத்தர்கூட இல்லை. "நோட்டீஸ் எல்லாக் கம்பெனி வாசல்லயும் குடுத்தமுங்க ஐயா, ஏன் வரலைன்னு தெரியலை" என்று அந்தப் பையன்கள் முகம் வாடிப்போனார்கள். இன்றைக்குச் சம்பள நாள் தம்பி, ஒரு ஷிப்டை விட்டுவிட்டு உங்கள் பள்ளிக்கு யார் வருவார்கள் என்றேன். இத்தனை படித்த பிள்ளைகளுக்கு அது தோன்றவில்லை பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு. அன்றைக்குத்தான் பள்ளி பள்ளியாக இருந்தது. ஆற்றோரத்து விவசாயி ஒருவர் எழுந்து, உங்கள் சோற்றுக்காக எங்கள் மண்ணைக் கெடுத்தீர்கள் என்றார். பட்டறையில் துணி பிரித்துப் போட்ட ஒரு அம்மா, "அப்ப எங்க புள்ளைங்க எதைங்க தின்னும்?" என்றார். சத்தம் ஏறியது. அந்த நேரம் பார்த்து விவசாயியின் பேரனும் அந்த அம்மாவின் மகளும் தண்ணீர்த் தொட்டியில் விழுந்து சொட்டச் சொட்ட ஓடி வந்தார்கள். ஒரே துண்டால் இரண்டு பேருக்கும் தலை துவட்டிவிட்டார் அந்த அம்மா. சண்டை தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெரியவர்கள் கொஞ்சம் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள்.

பேச்சில் புதுச் செய்தியும் வந்தது. இப்போது சாயத் தண்ணீரைச் சவ்வில் வடிகட்டி, மிஞ்சியதைக் கொதிக்க வைத்து உப்பைப் பிரித்து, அதே உப்பில் அடுத்த துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். அந்த நிலையங்களில் ஆபரேட்டர், லேப், பாய்லர் என்று முன்பு ஊரில் இல்லாத வேலைகள் வந்திருக்கின்றன. கொதிக்க வைக்க எரிபொருள் கொள்ளை கொள்ளையாகப் போகிறது, திரும்ப எடுக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகத் தேங்குகிறது என்று அந்த வேலையில் இருக்கும் பையனே ஒளிக்காமல் சொன்னான். இந்த வேலைகளுக்குப் பழைய விஞ்ச் ஆட்களைப் பழக்கி எடுத்தார்களா என்று நான் கேட்டேன். ஒன்றிரண்டு பேரை என்றான். மூடுவதற்கு முன்னாலேயே அதை யோசித்திருந்தால் என் கேட்டு வாசலில் நின்றவர்களில் பலர் ஊருக்குப் பஸ் ஏறியிருக்க மாட்டார்கள்.

அடுத்த கோடையில் உங்கள் ஊரில் இப்படி ஒன்று நடத்த நினைப்பவர்கள் தயவுசெய்து ஊரின் கூலி நாளை முதலில் விசாரியுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போடுங்கள், இல்லாவிட்டால் தாய்மார்கள் வர மாட்டார்கள். ஆற்றைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுங்கள். ஆனால் வேலை போனவனுக்கு என்ன வழி என்ற கேள்வியை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள்தான் அதற்குப் பதில் கேட்க வந்திருப்பார்கள்.