கொட்டகலையிலிருந்து மூன்று இரவுகள்

நுவரெலியா மாவட்டத்தில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது கொட்டகலை. ஹட்டனிலிருந்து ரயிலில் வருபவர்கள் சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டைக் கடந்தே இந்த ஊருக்கு வர வேண்டும். ஊரைச் சுற்றிவரத் தேயிலை மலைகள். அவற்றுக்கும் மேலே, தேயிலை முடியும் இடத்தில் கறுப்புக் கோடுபோலத் தெரிவது காடு.

கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் மலைநாட்டின் காடுகள் வெட்டப்பட்டபோது உச்சிக் காடுகள் மட்டும் தப்பியதற்கு ஒரு காரணம் உண்டு. 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாமல் விடுங்கள் என்று தாவரவியலறிஞர் ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை கூறினார். ஆங்கிலேய அரசும் அதை ஏற்றது. மலைநாட்டு ஆறுகள் இன்றும் ஓடுவது பெருமளவுக்கு அந்தக் காடுகளால்தான்.

2024 பெப்ரவரியில் இந்தக் காடுகளின் ஓரத்தில் மூன்று இரவுகள் கூடாரம் அடித்துத் தங்கினேன். தனியாகவே போனேன். ஜீப்பையும் நானே ஓட்டினேன். “முகாமில் கிடந்தது போதாதா, காசு செலவழித்தும் கூடாரத்தில் படுக்க வேண்டுமா?” என்று உங்களில் பலர் கேட்பீர்கள். என் அம்மாவும் அதைத்தான் கேட்டார். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஏன் போனேன்?

அம்மா பிறந்தது கொட்டகலைப் பக்கத் தோட்டம் ஒன்றில். 1977 ஓகஸ்ட் வன்செயலுக்குப் பின்னர் அம்மம்மா பிள்ளைகளோடு வன்னிக்கு வந்தபோது அம்மாவுக்கு ஒன்பது வயது. அப்படி மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பங்கள் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு எங்கும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். குளிர், பிரட்டுக்களம், லயத்துக் கோடியில் நின்ற கொய்யா மரம் என்று அம்மா சொல்லிக் கேட்டதைத் தவிர அந்த ஊரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது.

2009இல் எனக்கு 21 வயது. செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் தறப்பாளின் கீழ் படுத்தோம். எப்போது வெளியே விடுவார்கள் என்பது எவருக்கும் தெரியாது. அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்தான். தறப்பாளில் மழை விழும் சத்தம் கேட்டால் இன்றும் நித்திரை வராத பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

பின்னர் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வடக்கில் இந்த வேலையில் பெண்கள் பலர் இருக்கிறார்கள். குடும்பத்தைத் தனியே சுமப்பவர்களும் அவர்களில் உண்டு. சில வருடங்களின் பின், காயப்படுவோரை ஏற்றுவதற்காக வெளியோரம் காத்து நிற்கும் ஜீப்புக்குச் சாரதியானேன். நான்கு சக்கரங்களையும் இழுக்க வைத்து மணலிலும் சேற்றிலும் ஓட்டப் பழகியது அங்கேதான்.

காடு, ஜீப், கூடாரம் இந்த மூன்றும் எமது வாழ்க்கையில் எப்படி வந்தன என்பதை விளக்கத் தேவையில்லை. நானே தெரிந்த இடத்தில் நானே கூடாரம் கட்டி, போக வேண்டும் என்று நினைத்த நேரத்தில் நானே கழற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எங்கே போவது என்று யோசித்தபோது அம்மாவின் ஊர்தான் நினைவுக்கு வந்தது.

முதல் இரவு: டயகம

கொட்டகலையில் வாடகைக்கு ஜீப் ஒன்றை எடுத்துக்கொண்டு தலவாக்கலை வீதியில் புறப்பட்டேன். வழியில் டெவோன் நீர்வீழ்ச்சியும் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியும் தெரிந்தன. மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின் சென்கிளேயரில் பழைய நீர்ப்பெருக்கு இல்லை என்று வீதியோரத்தில் தேநீர் தந்தவர் சொன்னார்.

லிந்துலையில் பிரிந்து அக்கரப்பத்தனை ஊடாக டயகம வரை போனால் பெரிய பாதை முடிந்துவிடும். அதற்கு மேல் தோட்டத்துப் பாதைதான். கல்லும் ஈரக் களிமண்ணும் கலந்த ஏற்றம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரம் வழுக்கும். சின்ன கியரில் போட்டு இயந்திரத்தின் பிடியிலேயே இறங்க வேண்டும். வன்னிச் சேறு கற்றுத் தந்த பாடம் மலையிலும் உதவியது.

தோட்ட நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்டிருந்தேன். லயங்களுக்கு அருகே, காட்டை ஒட்டிய ஒரு துண்டு வெளியில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது வேலை முடிந்து வந்த அக்கா ஒருவர் நின்று பார்த்தார்.

“தனியாவா தங்கச்சி வந்திருக்கீங்க? வூட்டுக்காரரு வரலையா?”

“ஓம் அக்கா, தனியாத்தான்.”

“ஓம்” என்ற சொல்லைக் கேட்டதும் சிரித்தார். “யாழ்ப்பாணமா?”

“கிளிநொச்சி. எங்கட அம்மா கொட்டகலை.”

“அப்ப நம்ம புள்ளதான்” என்றவர் போய் ரொட்டியும் சம்பலும் வெறுந்தேநீரும் கொண்டுவந்தார். கூடாரத்துக்குக் கீழே நான் விரித்திருந்த தறப்பாளைத் தொட்டுப் பார்த்து, “இது எங்க படங்கு மாதிரியே இருக்கே” என்றார். தேயிலைச் செடியின் ஈரமும் குச்சியும் படாமலிருக்கக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் விரிப்புத்தான் படங்கு. அவருக்கு அது தினமும் வேலைக்குக் கட்டும் உடுப்பு. எமக்கு அதே விரிப்பு வீடாக இருந்தது. இரண்டு பேரும் அதன்மேல் உட்கார்ந்து நெடுநேரம் கதைத்தோம்.

அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளச் சொன்னார். மரத்தில் குளவிக்கூடு கண்டால் சத்தமில்லாமல் விலகச் சொன்னார். குளவி கொட்டித் தோட்டப் பெண்கள் உயிரிழந்த செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள். “இந்தக் காட்டுக்கு அந்தப் பக்கந்தான் ஹோர்ட்டன் சமவெளி. போயிருக்கிறீங்களா?” என்று கேட்டேன். “வாசல்லேருந்து காடு தெரியுது. போனதில்ல. யாரு கூட்டிட்டுப் போறா?” என்றார். அப்போது அவரது நாட்சம்பளம் 1,000 ரூபா. வேலைக்குப் போகாத நாளுக்கு அதுவும் இல்லை.

நள்ளிரவுக்குப் பின் மழை தூறியது. அதே சத்தம். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜீப்பின் திறப்பு தலைமாட்டில் இருந்தது. கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். விரும்பினால் இந்த நிமிடமே கிளம்பலாம். எவரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதை இரண்டு மூன்று முறை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். பிறகு படுத்தேன். மழை விடுவதற்கு முன்னமே நித்திரை வந்துவிட்டது.

இரண்டாம் இரவு: ஹோர்ட்டன் சமவெளி

மறுநாள் பிரதான வீதிக்குத் திரும்பி நானுஓயா, அம்பேவல, பட்டிப்பொல வழியாக ஏறினேன். ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேல் உயரத்தில் இருக்கும் புல்வெளியும் முகிற்காடும். 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றுடன் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக அறிவித்தது. வாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை அகற்றுகிறார்கள். உள்ளே தங்குவதற்கு வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும்.

‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பையும் பேக்கர்ஸ் நீர்வீழ்ச்சியையும் சுற்றிவர ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம் நடக்க வேண்டும். பாதையை விட்டு விலக வேண்டாம் என்று அங்கே அறிவித்தல் இருக்கிறது. அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். எமது வேலைத்தளத்திலும் இதே வாசகம்தான். பக்கத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இருக்கும். அங்கே மண்ணிடமிருந்து எமது கால்களைக் காப்பாற்றுகிறோம். இங்கே எமது கால்களிடமிருந்து புல்லைக் காப்பாற்றுகிறார்கள். இப்படியும் ஒரு பயமில்லாத காரணம் இருக்கலாம் என்பது மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

மாலையில் மரைகள் புல்வெளிக்கு வந்து மேய்ந்தன. வருடத்தின் முதல் மாதங்களில் இங்கு இரவு வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. இரண்டு சுவெட்டரும் கம்பளியும் போதவில்லை. சுடுதண்ணீரைப் போத்தலில் நிரப்பிக் காலடியில் வைத்துப் படுத்தேன்.

மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளின் ஊற்றுகளும் இந்தப் பகுதியில்தான் தொடங்குகின்றன. இங்கு கசியும் நீர் மகாவலியோடு சேர்ந்து பொலன்னறுவையைக் கடந்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக்குடாவில் கடலில் கலக்கிறது. 2006இல் மூதூரை விட்டு ஓடிய சகோதரிகளின் வயலுக்கும், டயகம அக்காவின் வாசலில் தெரியும் காட்டுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது.

மூன்றாம் இரவு: மஸ்கெலியா

கடைசி இரவு மவுசாகலை நீர்த்தேக்கத்தின் அருகே, அனுமதி பெற்ற தனியார் காணி ஒன்றில் தங்கினேன். பழைய மஸ்கெலியா நகரம் இந்த நீருக்கு அடியில்தான் இருக்கிறது. அணை கட்டியபோது ஊர் முழுவதும் இடம் மாற வேண்டியிருந்தது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயிலின் எச்சங்கள் வெளியே தெரியும். மக்கள் போய்ப் பார்த்து வருவார்கள். யுத்தம் இல்லாமலும் ஊர் இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தக் கரையில் நினைத்துக்கொண்டேன்.

இந்தப் பக்கத்தில் சிறுத்தைகள் உண்டு. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்குக் கம்பியில் அகப்பட்ட கருஞ்சிறுத்தை ஒன்று சில நாட்களில் இறந்துபோனது. சிறுத்தை தானாக மனிதரைத் தேடி வருவது அரிது. உணவை வெளியே வைக்காமல், இருட்டியபின் தனியே நடக்காமல் இருந்தால் போதும். உண்மையைச் சொன்னால், மூன்று இரவும் நான் அதிகம் யோசித்தது மிருகங்களைப் பற்றியல்ல, முன்பின் தெரியாத ஆண்களைப் பற்றித்தான். அதனால்தான் ஒவ்வொரு இடத்திலும் அனுமதி பெற்று, ஆட்கள் குடியிருக்கும் எல்லைக்குள் தங்கினேன்.

போக விரும்பும் சகோதரிகளுக்கு

தங்கும் இடத்துக்கு எழுத்தில் அனுமதி பெறுங்கள். காட்டுக்குள் நினைத்த இடத்தில் தங்குவது சட்டப்படி குற்றமாகலாம். போகும் வழி, திரும்பும் நாள், வாகன இலக்கம் ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு மாலையும் ஒரே நேரத்தில் அழைத்துப் பேசுங்கள். உதிரிச் சக்கரம், ஜக், டோர்ச், தீக்காய மருந்து, உப்பு ஆகியவை கட்டாயம் தேவை. இரவில் பழைய நினைவுகள் வந்து நெஞ்சு படபடத்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுந்து உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், எங்கே இருக்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஜீப் வேண்டும் என்பதும் இல்லை. கண்டி ஹந்தானையில் தொடங்கும் ‘பீக்கோ ட்ரெயில்’ என்ற 300 கிலோமீற்றருக்கும் அதிகமான நடைபாதை 22 பகுதிகளைக் கொண்டது; தோட்டங்களினூடாக வந்து கொட்டகலையையும் தொட்டுச் செல்கிறது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பகுதியை ஒரு பகலில் நடக்கலாம். ஆனால் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகள் மலையகத்தில் பல உயிர்களைப் பறித்ததோடு வீதிகளையும் ரயில் பாதையையும் சிதைத்தன. ஆகவே புறப்படுமுன் பாதையின் நிலையை விசாரியுங்கள். மழைக் காலத்தைத் தவிருங்கள்.

திரும்பி வந்ததும் கொட்டகலையில் எடுத்த படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். கொய்யா மரத்தைத் தேடினார். அது படத்தில் இல்லை. “ஒருக்கா போய்ப் பாப்பம்” என்றார். டயகம அக்காவையும் ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த பயணத்தில் ஜீப்பில் மூன்று பேர் இருப்போம்.