பத்து நிமிடத்தில் முடிந்த பக்கம்

2012ஆம் ஆண்டு, எங்கள் கல்லூரிப் பணியாளர் சிக்கன நாணயச் சங்கத்தின் கணக்குகளை, அரசுத் தணிக்கையாளர் வருமுன் ஒருமுறை பார்த்து வைக்கும் பொறுப்பு எங்கள் மூவரிடம் வந்து சேர்ந்தது. மூவரும் தமிழ்த்துறை. பாடவேறுபாடுகளை ஒப்புநோக்கத் தெரிந்தவர்களுக்குப் பேரேடு பெரிய காரியமா என்று முதல்வர் வேடிக்கையாகச் சொன்னார், நாங்களும் நம்பிவிட்டோம்.

மூன்று நாள் அவகாசம். எல்லாவற்றையும் பார்க்க இயலாது. எதைப் பார்ப்பது என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். அந்த விவாதம் ஐந்து நிமிடம்கூட நீளவில்லை. தற்காலிக எழுத்தராக இருந்த இளைஞர் புதியவர். அண்மையில் இருசக்கர வண்டி வாங்கியிருந்தார். செயலரோ முப்பதாண்டு அனுபவமுள்ள பேராசிரியர், எங்களில் இருவருக்கு ஆசிரியர். ஆகவே ரசீதுப் புத்தகங்களிலும் ரொக்கப் புத்தகத்திலுமே இரண்டரை நாள் கழிந்தது. வண்டி வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்றுகூட அந்த எழுத்தரைக் கேட்டோம். (இதை எழுதும்போதும் கூசுகிறது.) அகப்பட்ட பிழை நாற்பது ரூபாய், அதுவும் கூட்டல் பிழை. வங்கி வைப்புத்தொகைப் பக்கம் பத்து நிமிடத்தில் முடிந்தது. செயலர் ரசீதுகளின் நகல்களை நீட்டினார். பச்சை மையில் குறியிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து வந்த தணிக்கையாளர் ஓர் இளம்பெண். முதல் நாளே வங்கிக்குத் தாமே கடிதம் எழுதி, பதிலும் தமக்கே நேராக வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு வைப்புகள் முதிர்வுக்கு முன்பே முடிக்கப்பட்டிருந்தன.

செயலர்மீது ஐயம் வந்தது எப்படி என்று வினவினோம். "அவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க சார். தொகை பெரிசு, கையில இருக்கிறது நகல், கையெழுத்து ஒருத்தரோடது. அதனால அதை முதல்ல வெச்சேன்" என்றார்.

அதன்பிறகே தணிக்கை நூல்களைப் புரட்டினோம். ஒரு கணக்கின் இயல்பிலேயே பிழை நேரக்கூடிய வாய்ப்பு உள்ளார்ந்த இடர். நிறுவனத்தின் காவல் அதைத் தடுக்கத் தவறும் வாய்ப்பு கட்டுப்பாட்டு இடர். இவ்விரண்டும் எவ்வளவு என்று தணிக்கையாளர் எடைபோடுகிறார். அதைப் பொறுத்தே எங்கே எவ்வளவு ஆழமாகத் தோண்டுவது என்பது அமைகிறது. இந்த எடைபோடலுக்குத் தராசு கிடையாது. அவருடைய தீர்ப்புதான்.

சத்யம் கணினி நிறுவனத்தின் கதையும் வங்கி இருப்பைப் பற்றியதே. 2009 சனவரி 7 அன்று ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தின்படி, ஏட்டில் இருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லாத பணம். வங்கி உறுதிக் கடிதங்களை அனுப்புவதையும் பெறுவதையும் தணிக்கையாளர்கள் அந்நிறுவனத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 2011இல் கூறியது. ப்ரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய உறுப்பு நிறுவனங்கள் குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் ஆணையத்துக்கு 60 லட்சம் டாலர் அபராதம் கட்டின. அச்செய்தியை நாங்கள் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து படித்துத் தலையில் அடித்துக்கொண்டது, எங்கள் மூன்று நாள் பணிக்கு ஓராண்டுக்கு முன்புதான்!

மோசடி பற்றிய தணிக்கைத் தரநிலை 240 திட்டமிடும் குழுவுக்கு ஒரு கலந்துரையாடலை விதிக்கிறது: நிர்வாகத்தினர் நேர்மையானவர்கள் என்ற நம்பிக்கையை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச வேண்டும். நம்பக்கூடாது என்பதல்ல, பேசும்போது அது மேசைமேல் இருக்கக்கூடாது. எங்கள் ஐந்து நிமிடத்தில் மேசைமேல் வேறெதுவுமே இருக்கவில்லை. குறளில் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவர்கள் நாங்கள். ஆராயாமல் ஒருவரைத் தெளிவது தீராத துன்பம் என்று முடிகிற அதிகாரம் அது.

உண்மை வெளிவருவதற்குள் எழுத்தர் வேலையை விட்டுப் போயிருந்தார். மூவரும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, அலுவலகத்தில் இருந்த முகவரிக்கு அனுப்பினோம். பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது.