பெருமுக்கலிலிருந்து ஒரு பசுச் சித்திரம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில், சமவெளியின் நடுவே எழுந்து நிற்கிறது பெருமுக்கல் மலை. மேலே சிவாலயம், குகையிலே ஆதி மனிதர் பாறையில் கீறிய உருவங்கள், கிழக்கே மரக்காணத்து உப்பளங்கள். மாலை வெயிலில் மாடுகள் தண்ணீர் தேடி நடப்பதைப் பார்க்கும் எவருக்கும், "இதை ஒரு சித்திரக்காரன் எழுதவில்லையே!" என்று தோன்றும்.

எழுதித்தான் இருக்கிறான், வர்ணத்தில் அல்ல, கல்லில். இதே கடற்கரையோடு வடக்கே சென்றால் மாமல்லபுரம். அங்கே கிருஷ்ண மண்டபத்தின் பாறைச் சுவரில், 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி ஓர் ஆயர்பாடியையே செதுக்கி வைத்திருக்கிறான். முன்மண்டபம் விஜயநகர காலத்துச் சேர்க்கை. ஆதியில் இந்தச் சித்திரம் வெட்டவெளியில் வெயிலும் நிழலும் பட்டு விளங்கியது. நதி இல்லையே என்பவர்கள் பக்கத்துப் பாறையைப் பார்க்கலாம். அங்கே கங்கை இறங்கி வருவதாக அறிஞர் பலர் கூறுவர்.

கண்ணன் கோவர்த்தனத்தைத் தாங்கி நிற்கிறான். ஆனால் நம் கண் அவன் கரத்தைவிட்டு மெல்லக் கீழே இறங்கிவிடுகிறது. ஆயன் ஒருவன் குந்தியிருந்து பால் கறக்கிறான். பசு தலையைத் தாழ்த்தித் தன் கன்றை நக்குகிறது. இதில் என்ன விசேஷம்? மாடு வளர்த்தவர்களைக் கேளுங்கள். கன்று அருகில் நின்றால் பசு தாராளமாய்ச் சுரக்கும். அஞ்சிய பசுவோ பாலை அடக்கிக்கொள்ளும். வெளியே இந்திரன் பொழியும் பெருமழை. உள்ளே மடியில் பால் இறங்குகிறது. அடைக்கலம் கிடைத்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? தெய்வத்தின் பெருமையைச் சிற்பி ஒரு பசுவின் நாவினால் சொல்லிவிட்டான்!

ஹாலந்து தேசத்துப் பாலஸ் பாட்டர் 1647-இல் தீட்டிய இளங்காளைச் சித்திரத்தை ஹேக் நகரில் போற்றிக் காக்கிறார்கள். அது தகுந்த காரியமே. அதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டு முந்தியது நம் பசு. மாமல்லபுரச் சின்னங்கள் 1984-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. கல்லுக்குக் காவல் உண்டு.

மேய்ச்சல் நிலத்துக்கு யார் காவல்? மந்தைவெளிகள் மறைந்து, பசு என்பது பால் பையின்மேல் அச்சிட்ட படமாகிவிட்டால், அந்த நாவின் பொருள் நம் குழந்தைகளுக்கு விளங்காது. ஆகவே, மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போகுமுன் அவர்களைப் பெருமுக்கல் போன்ற ஓர் ஊரில் மாடு கறக்கும் வேளையில் நிறுத்திக் காட்டுங்கள். பிறகு அந்தக் கல் தானே பேசும்.