பசிக்கும் இடம்

என் தங்கை மகனுக்குப் பதினொரு வயது. இரண்டு வருடங்களுக்கு முன் அவன் மூளையின் அடியில், பிட்யூட்டரிக்கு மேலே வளர்ந்த கட்டியை எடுத்தார்கள். கிரேனியோஃபாரிஞ்சியோமா. புற்றுநோய் அல்ல, ஆனால் வளரும் இடம் பொல்லாதது. பார்வை நரம்பையும் ஹைபோதலாமஸையும் ஒட்டிக்கொண்டு வளரும். உயிர் தப்பியது, பார்வையும் தப்பியது. பசி மட்டும் அடங்கவில்லை.

ஐந்து இட்லி சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "மாமா, இன்னும் பசிக்குது" என்பான். மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் அலையைப் பார்க்க மாட்டான். மீன் வறுக்கும் கடை முன்னாலேயே நிற்பான். "வாயைக் கட்டத் தெரியாத புள்ள, செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட" என்று உறவினர்கள் தங்கையிடம் சொல்வார்கள்.

வாயைக் கட்டுவது எது? ஹைபோதலாமஸின் எடை நான்கு கிராம்தான் இருக்கும். 1940இல் ஹெதரிங்டனும் ரான்சனும் எலிகளில் அதன் நடு அடிப்பகுதியைச் சிதைத்தபோது அவை ஊதிப் பெருத்தன. 1951இல் யேல் பல்கலைக்கழகத்தில் பால் கிருஷ்ண ஆனந்தும் ஜான் புரோபெக்கும் பக்கவாட்டுப் பகுதியை இருபுறமும் சிதைத்தார்கள். விலங்குகள் சாப்பிடுவதையே நிறுத்தின. எதிரிலேயே தீனி இருக்க, பட்டினியில் செத்தன. ஆனந்த் நம் நாட்டுக்காரர். பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியல் துறையைக் கட்டியெழுப்பியவர். நம் பள்ளிகளில் இவர் பெயரைச் சொல்வதாகத் தெரியவில்லை.

பசிக்கு ஒரு மையம், நிறைவுக்கு ஒரு மையம் என்ற அந்தக் கணக்கு பிறகு சிக்கலானது. 1994இல் லெப்டினைக் கண்டுபிடித்தார்கள். உடம்பின் கொழுப்பு, 'இருப்பு போதும்' என்று மூளைக்கு எழுதும் கடிதம் அது. இவன் உடம்பில் கடிதத்துக்குக் குறைவில்லை, வாங்கிப் படிக்கத்தான் ஆளில்லை. கொடுமை என்னவென்றால், அளந்து கொடுத்தாலும் எடை ஏறுகிறது. பட்டினி கிடக்கிறோம் என்று நம்பும் மூளை, செலவைச் சுருக்கிச் சேமிக்கிறது. இதில் பிள்ளையின் பிடிவாதம் எங்கே வந்தது?

சமையலறையைப் பூட்டச் சொன்னார் மருத்துவர். திருக்கழுக்குன்றத்தில் அவர்கள் வீட்டில் அன்று பெரிய சண்டை. "மலைமேல கழுகுக்கே நேரம் தவறாம பொங்கல் வெச்ச ஊருடி இது. பெத்த புள்ளைக்குச் சோத்தைப் பூட்டுவியா? பாவம்டி" என்று அழுதாள் மாமியார். தங்கை பதில் சொல்லவில்லை. செங்கல்பட்டுக்குப் போய்ப் பூட்டு வாங்கி வந்தாள்.

அம்மாவின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பசியைவிட அதிகம் வதைப்பது, 'கேட்டால் கிடைக்குமோ' என்ற நப்பாசை. எப்போது கிடைக்கும், எப்போது நிச்சயம் கிடைக்காது என்பது தெரிந்துவிட்டால் மனம் கொஞ்சம் இறங்குகிறது.

இப்போது சமையலறைக் கதவில் அவனே சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறான்: 8, 11, 1, 4, 8. போன ஞாயிறு நான் போனபோது மணி பத்தே முக்கால். பாட்டி கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னும் கால்மணிதான்டா ராசா" என்றாள்.